டிரைவருக்கு ஒரு சாரம்

1.

இன்று பின்னேரம் ஆம்னா வீட்டுக்குள் ஓடிவந்த வேகத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. “உம்மா, நான் வழுக்கினன்! நல்லா வழுக்கினன்!” என்று கத்தினாள். மகள் வழுக்கினாள் என்று கேட்டால் ஊரில் எந்தத் தாயும் எண்ணெய்ப் போத்தலைத் தேடிக்கொண்டு ஓடுவாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நோர்வேயில் கார் ஓட்டப் பழகுகிறவர்களை ஒருநாள் வழுக்கல் பாதை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே வேண்டுமென்றே காரை வழுக்க விட வேண்டும். கார் தன் பாட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்போது ப்ரேக்கை உதைக்காமல், கத்தாமல், போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாதவருக்கு இங்கே லைசன்ஸ் கிடையாது. காசைக் கட்டி வழுக்கப் போகிற சனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்கிறதோ தெரியாது.

ஆம்னா ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். “லைசன்ஸ் கிடைச்சா அந்தச் சாரம் எனக்குத்தானே?”

என்னுடைய காரில் டிரைவர் சீட்டின் மேல் ஊரில் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டச் சாரம் ஒன்று விரித்திருக்கிறது. பனிக்காலத்தில் சீட் சில்லிடும் என்பதற்காக விரித்தது என்று இங்குள்ளவர்கள் நினைக்கிறார்கள். வேலையிடத்தில் ஒருத்தி, “உங்கள் நாட்டுப் போர்வையா?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். நோர்வே மொழியில் சாரத்தை விளக்கப் போனால் ஆண்கள் பாவாடை கட்டுவது பற்றிய கதையாக முடியும் என்பது எனக்கு அனுபவம். உண்மையில் அது நான் சம்பாதித்த சாரம். புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை மணலில், என் மூத்த சகோதரரான நானாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, வாகனம் ஓட்டிச் சம்பாதித்தது. மகள் பங்கு கேட்க முன்னர் அதன் கதையை எழுதி வைத்துவிடுவது நல்லது.

2.

எங்கள் நானாவை முதலில் சொல்ல வேண்டும். அவருடைய பெயர் ஸமீம். எனக்கு மூத்தவர், பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து எல்லோரையும் போல நாங்களும் வள்ளத்தில் வந்து புத்தளம் கரையில் கற்பிட்டியில் இறங்கியபோது வாப்பா ஏற்கெனவே மௌத்தாகியிருந்தார். உம்மாவும் நானும் நானாவின் கையில். அகதி முகாமில் இருந்து பள்ளிக்கூடத்துக்குத் தூரம். நானா எங்கேயோ ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து, முன் பாரில் துவாயைச் சுற்றி, அதில் என்னை இருத்திக்கொண்டு போவார். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அப்படியே கரையில் கருவாடு காயவைக்கிற வாடிக்கு வேலைக்குப் போவார். நான் படித்த படிப்பெல்லாம் அந்தப் பாரில் இருந்து போய்ப் படித்ததுதான்.

பிறகு நானா சொந்தமாகக் கருவாட்டு வியாபாரம் தொடங்கினார், வீடு கட்டினார், கலியாணம் முடித்தார். என்னையும் நோர்வேயில் இருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார். எயார்போட்டில் வைத்து அவர் என் கணவரிடம் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, இவளுக்குத் தனியப் போய்வரத் தெரியாது. பாத்துக்கொள்ளுங்க.”

அந்தத் தனியப் போய்வரத் தெரியாதவள் இப்போது வடநோர்வேயில் ஒரு சின்னப் பட்டணத்தில் வயோதிபர்களின் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, சாப்பாடு சூடாக்கி, கால் தேய்த்துவிட்டு வருகிற வேலை செய்கிறேன். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கும். மலையில்லாத இடத்தில் கடல் இருக்கும். லைசன்ஸ் இல்லாமல் அந்த வேலை கிடையாது. பழகத் தொடங்கிய காலத்தில் வலது, இடது என்ற இரண்டு சொல்லும் எனக்கு இந்த மொழியில் மாறி மாறி வரும். பழக்கிய ஆசிரியர் பொறுமைசாலி. கடைசியில் சொல்லால் சொல்வதை விட்டுவிட்டு, மீன் விற்கிறவர் மாதிரி கையைக் கையை நீட்டிக் காட்டினார்.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஏறுவதற்கு முன் வாகனத்தை ஒருதரம் சுற்றி நட. நாலு சில்லையும் பார். பிறகு ஏறு. இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் நான் அந்த விதியை ஒரேயொரு நாள் மறந்ததுதான் காரணம்.

3.

நானாவின் மூத்த மகன் நிஃப்ராஸின் கலியாணத்துக்கு நாங்கள் போனது ஆடி மாதம். இங்கே பள்ளிக்கூட விடுமுறை, அங்கே தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று. ஒரு மாதத்துக்கு ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுப்போம் என்று சொன்னேன். எங்கள் ஊரில் உயரமான வாகனம் எந்தக் கொம்பனி செய்ததானாலும் அது ஜீப்தான். என் கணவர் நோர்வேப் பனியில் ஓட்டுவார். இலங்கை பஸ்ஸுக்கு முன்னால் ஓட்டமாட்டார். ஆகவே ஓட்டப்போவது நான்.

வெளிநாட்டு லைசன்ஸில் ஓட்டுவதற்கு அனுமதி எடுக்கக் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மிகவும் மரியாதையானவர். என்னுடைய லைசன்ஸை வாங்கி, என்னுடைய படத்தைப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் கேட்டார்:

“எந்தப் பக்கம் ஓடப்போறீங்க?”

“புத்தளம் பக்கம்” என்றேன் நான்.

“கவனமா ஓடுங்க, ரோட்டில கழுதை நிக்கும்” என்று கணவரிடம் சொன்னார். கணவர் அதை என்னிடம் சொன்னார். கடைசியில் அனுமதிப் பத்திரமும் கணவரின் கைக்கே போய், அங்கிருந்து என் கைக்கு வந்தது. வெளியில் வந்து ஆம்னாவோடு சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற காவலாளியும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

கழுதை விஷயம் உண்மை. புத்தளத்துக் கழுதைகளுக்கு ஹோர்ன் அடித்தால் நகர வேண்டும் என்ற சட்டம் பொருந்தாது. இங்கே வடநோர்வேயில் குதிரை உயரத்தில் ஒரு மான் காட்டிலிருந்து ரோட்டுக்குக் குறுக்கே பாயும். அதற்குப் பழகிய கண் எனக்கு. பாயாமல் சும்மா நிற்கிற மிருகத்துக்கு என்ன செய்வது என்று இங்கே எவரும் சொல்லித்தரவில்லை. இறங்கிப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஜீப்பில் எல்லாம் மறுபக்கம். நோர்வேக் காரில் சிக்னல் கம்பு இடது கையில், அங்கே வலது கையில். நான் திரும்புவதற்குச் சிக்னல் போட்டால் கொளுத்துகிற வெயிலில் முன்கண்ணாடியில் வைப்பர் ஓடும். சிலாபம் தாண்டியும் ஒவ்வொரு சந்தியிலும் ஓடியது. ஆம்னா பின் சீட்டில் இருந்து, “உம்மா, மழை விட்டுட்டுது” என்று சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானா வீட்டு வாசலில் திரும்பும்போதும் வைப்பர் ஓடித்தான் நுழைந்தேன். நானா வெளியே வந்தார். வாகனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவர் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்தார்.

“நீயா ஓடி வந்த?”

“ஓம் நானா. வாங்க, ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்.”

“பொறகு பாப்பம்” என்றார்.

அந்தப் பிறகு வரவேயில்லை. கடைக்குப் போக வேண்டுமா, ஏறுங்கள் என்றால் ஓட்டோவைக் கூப்பிடுவார். பள்ளிவாசலுக்கு நடந்து போவார். ஒருநாள் புத்தளம் வரை எல்லோரும் ஜீப்பில் போக, அவர் மட்டும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். “எனக்கு உசரமான வண்டியில தல சுத்தும்” என்றார். கருவாட்டு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து கொழும்புக்கு லொறியில் போய்வந்த மனிதர் அவர். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. இவர் ஒருதரமாவது என் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

4.

பெண் வீடு கடலோரத்தில் ஒரு மீனவக் கிராமம். பெயரை எழுதமாட்டேன். சம்பந்தி வீட்டார் இதை வாசித்தால், ரோட்டைப் பற்றிக் குறை சொல்லிவிட்டாள் என்று கோபிப்பார்கள். நானா வீட்டில் இருந்து கொஞ்சத் தூரம் தார் ரோடு. பிறகு தென்னந்தோட்டத்துக்குள்ளால் செம்மண். அதன்பிறகு மணல்தான். சோழகம் வீசுகிற மாதங்களில் அந்த மணல் இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. நேற்றுப் போன பாதையை இன்றைக்குத் தேட வேண்டும்.

கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைப் புடவையும் தட்டங்களும் கொண்டுபோய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். அதற்கு என் ஜீப். மதினியும் குமரிப் பிள்ளைகளும் மடியில் தட்டங்களோடு நெருக்கியடித்து ஏறினார்கள். மணல் தொடங்குகிற இடத்தில் நான் நிறுத்தினேன். இறங்கி, காற்று அளக்கிற மானியைக் கைப்பையில் இருந்து எடுத்து, நாலு டயரிலும் பாதிக்குப் பாதி காற்றை வெளியே விட்டேன்.

“அல்லாஹ்வே, என்னடி செய்ற? டயர் தட்டையாப் போச்சு!” என்றார் மதினி.

“அப்படித்தான் மதினி. தட்டையானாத்தான் மணலில மிதக்கும். காத்து எறுக்கமா இருந்தா வெட்டிக்கொண்டு கீழ போயிரும்.”

மதினி நம்பவில்லை. ஆனால் ஜீப் நம்பியது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற கியரில் போட்டு, ஒரே சீரான வேகத்தில், திடீரென்று திருப்பாமல், நிறுத்தாமல் போனேன். பின்னால் பிள்ளைகள் பாட்டுக் கட்டிக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தாழம் புதர், முன்னால் கடல், ஜன்னல் வழியாக முகத்தில் மணல். நோர்வேயில் புதுப்பனி கொட்டிய விடியற்காலையில் எவரும் போகாத ரோட்டில் போவது மாதிரியே இருந்தது. பனியில் பழகிய கைக்கு மணல் புதிதில்லை. இரண்டிலும் முரட்டுத்தனம் செய்தால் வாகனம் உன்னைக் கவிழ்க்கப் பார்க்கும், மெதுவாகக் கேட்டால் தரும். நான் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொந்த ஊரில் என் கையால் நாலு பெண்களைச் சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய்க் கொண்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் காற்றை நிரப்பியிருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் தார் ரோட்டில் வேகமாக ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். உயரமான வாகனம் வளைவில் சாய்ந்தும் போகும். ஆனால் வீடு கிட்டத்தான், நாளைக்கும் அதே மணலுக்குத்தான் போகப் போகிறோம். சைக்கிள் வேகத்தில் வந்து வாசலில் அப்படியே நிறுத்திவிட்டேன். ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

5.

மாப்பிள்ளைக்கென்று நானா ஒரு வெள்ளைக் காரை ஒழுங்கு செய்திருந்தார். பூவெல்லாம் கட்டி வந்தது. டிரைவர் முன்கூட்டியே மணலைப் பார்த்துவரப் போனவர், திரும்பி வந்து நானாவின் முன் தலையைச் சொறிந்தார்.

“ஹாஜியார், ராத்திரிக் காத்துக்குப் பாத மூடிட்டுது. இந்தக் கார் வயிறு மணல்ல தட்டும். ஏலாது.”

ஆண்களுக்குப் பெட்டி பூட்டிய ட்ரக்டர் இருந்தது. ஆனால் ட்ரக்டர் பெட்டியில் மாப்பிள்ளையை ஏற்றிப் போனால் பெண்ணூரில் பேரன் காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அஸர்த் தொழுகை முடிந்ததும் நிக்காஹ் என்று பெண் வீட்டுப் பள்ளியில் அதை நடத்துகிற லெப்பை காத்திருப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜீப்பைப் பார்த்தார்கள். நானா மட்டும் நிலத்தைப் பார்த்தார்.

“வாப்பா, மாமி ஓடினாச் சுணங்காமப் போயிரலாம்” என்றான் நிஃப்ராஸ். “நீங்களும் ஏறுங்க. வாப்பா இல்லாம மாப்பிள்ள போய் எறங்கேலாதுதானே.”

நானா மகனோடு பின் சீட்டில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஆம்னா முன்னால் என் பக்கத்தில். காரில் இருந்த பூவையெல்லாம் பெண்கள் கழற்றி ஜீப்பில் கட்டினார்கள். என் புடவைக் கொசுவத்தைப் பிடித்து ஒருத்தி தள்ள, மற்றவள் கதவைச் சாத்த, “பிஸ்மில்லாஹ்” சொல்லிப் புறப்பட்டேன். வாகனத்தைச் சுற்றி நடக்கவில்லை.

தார் ரோட்டில் ஜீப் சற்றுத் துள்ளியது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். செம்மண்ணிலும் துள்ளியது. மணல் வந்தது. முதல் மேட்டில் ஏறி இறங்கினேன். இரண்டாவது மேட்டில் முன்சில்லு இரண்டும் கத்தி மாதிரிக் கீழே இறங்கின. பின்னால் வந்த ட்ரக்டரில் இருந்தவர்கள், “முடுக்கு! முடுக்கு!” என்று கத்தினார்கள். மணலில் முடுக்கினால் சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். நான் உடனே காலை எடுத்துவிட்டேன். ஜீப் நின்றது. எதிரே கொஞ்சத் தூரத்தில் பள்ளிவாசல் மினாராவும், வாசலில் எங்களை எதிர்பார்த்து நின்ற பெண் வீட்டாரும் தெரிந்தார்கள். எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணாடியில் நானாவின் முகத்தைப் பார்த்தேன். நான் பயந்த முகம் அதுதான். இறங்கி டயரைப் பார்த்தேன், கையால் அமத்தினேன். கல்.

“ஆரு டயருக்குக் காத்து அடிச்ச?” என்று கேட்டேன்.

பின்கதவு திறந்தது. நானா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

“நான்தான்” என்றார்.

“நானா!”

“சுபஹுத் தொழுதுட்டு வந்து பாத்தன். நாலு டயரும் தட்டையாக் கெடந்திச்சு. வாடகைக்குக் குடுத்தவன் பழைய டயரத் தந்து ஒன்ன ஏமாத்திட்டான் எண்டு நெனச்சன். நீ எழும்பிப் பாத்தாக் கவலப்படுவாய். டயர்க் கடைப் பொடியன எழுப்பிக் கூட்டி வந்து, நல்லா எறுக்கி அடிக்கச் சொன்னன். கலியாண நாள்ல ஒனக்கு ஒரு கொறையும் வரப்புடாதுதானே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். என் வாகனத்தில் ஏறமாட்டேன் என்று நின்ற மனிதர், விடியமுதல் எழும்பி அதே வாகனத்தைக் கவனித்து, அன்பையெல்லாம் காற்றாக்கி நாலு டயரிலும் அடித்து வைத்திருக்கிறார். காரணத்தைச் சொன்னேன். முதலில் நானா விளங்காமல் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். மணலில் இறங்கியிருந்த குழியைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. நானா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

“அப்ப நான் அடிச்சத நான்தான் எடுக்கணும்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் முழங்கால் போட்டார்.

ஆளுக்கொரு டயர். நானா ஒன்று, நான் ஒன்று, ஆம்னா ஒன்று. நாலாவதற்கு மாப்பிள்ளை, தலைப்பாகையும் மாலையுமாக. நாலு பக்கமும் உஸ்ஸென்று காற்றுப் போகிற சத்தம். நான் மானியோடு ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடிப் போதும், இன்னும், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ட்ரக்டரில் வந்தவர்கள் சில்லுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரினார்கள். எவரோ பக்கத்து வாடியில் இருந்து பழைய தென்னோலைக் கிடுகுகளைக் கொண்டுவந்து சில்லுக்கு அடியில் செருகினார்கள்.

ஏறப் போனபோது நானா முன்பக்கம் சுற்றி வந்தார். இடது கதவைத் திறந்தார்.

“மகள், நீ பின்னுக்கு ஏறு” என்றார் ஆம்னாவிடம்.

ஆம்னா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பின்னால் ஓடினாள். நானா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் முதலில் வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்தேன். கிடுகு நொறுங்கியது, ஜீப் மேலே வந்தது. கொஞ்சம் இடம் விட்டு, ஒரே சீராக முன்னே போனேன். இரண்டாவது மேட்டில் ஏறினோம். மூன்றாவது மேடு ஒன்றுமேயில்லை.

“நிப்பாட்டாத, போ, போ!” என்றார் நானா. அவர் குரலில் இருந்தது பயமில்லை.

பள்ளிவாசல் கிட்ட வரும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நீ ஓடுறது எனக்குப் பயமில்ல புள்ள. ஒன்ன நான்தான் கொண்டு போய்க் கொண்டு வந்த. இப்ப நீ என்னக் கொண்டு போறது எண்டா… அது ஒரு மாதிரி இருந்திச்சு.”

“இப்ப எப்படி இருக்கு?”

“சைக்கிள் பார விட இந்தச் சீட் சொகம்” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, மணலில் ஓடும்போது கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கக்கூடாது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பில்தான் நேரே ஓட்டினேன்.

6.

நிக்காஹ் தவறவில்லை. லெப்பை கோபிக்கவும் இல்லை. மாப்பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டையில் முழங்கால் இரண்டும் மணலாக இருந்ததை மட்டும் பெண் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

சம்பந்தி வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். மணலைத் தாண்டி மாப்பிள்ளையைக் கொண்டு வந்து இறக்குகிற டிரைவருக்கு ஒரு புதுச் சாரம் கொடுப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாடு முடிந்து வெற்றிலை வைக்கிற நேரம், பெண்ணின் வாப்பா சாரத்தைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் தேடினார்.

“டிரைவர் எங்க? மாப்பிள்ள வண்டி டிரைவர்?”

யாரோ என் கணவரைக் காட்டினார்கள். கணவர் பதறிப்போய், “நான் ட்ரக்டரில வந்தவன்” என்றார். நானா எழுந்தார். தட்டத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பெண்கள் இருந்த அறை வாசல் வரை வந்து, அத்தனை பேர் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

“டிரைவர் இவதான். என்ட தங்கச்சி.”

சம்பந்தியம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ஐயோ, தெரியாதே! நில்லுங்க, நான் உள்ள போய் ஒரு புடவ எடுத்திட்டு வாறன்” என்று எழுந்தார்.

“வேணாம்” என்றார் நானா. “டிரைவருக்கு உள்ளது சாரம். அதத்தான் அவ எடுக்கணும்.”

எடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பெண்கள் குரவையிட்டார்கள். எனக்குக் கலியாணமான நாளில்கூட அவ்வளவு பெருமை பட்டதாக ஞாபகம் இல்லை.

பொழுது சாயத் திரும்பும்போது நானா ஒருவரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறினார். மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் டயர்க் கடைப் பொடியன் காற்றடிக்கும் மெஷினோடு ஓட்டோவில் காத்துக்கொண்டு நின்றான். நானா வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தமுறை இறங்க முன்னர் என் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்:

“காத்து இப்ப அடிக்கலாமா, பொறகு அடிக்கவா?”

“இப்ப அடிக்கலாம் நானா.”

மிச்ச நாட்களில் அவர் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை. பக்கத்துக் கடைக்குத் தேங்காய் வாங்கவும் ஜீப். எலுவன்குளத்தில் ஒரு சிநேகிதரைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே போய்ப் பார்த்தால் சிநேகிதருக்குச் சொல்ல ஒரு விசேஷமும் இல்லை. தங்கச்சி ஓட்டுவதைக் காட்டத்தான் போயிருக்கிறார். வழியில் தண்ணீர் மேவி ஓடிய ஓரிடத்தில் நான் நிறுத்தினேன். ஆழம் தெரியாத தண்ணீரில் ஜீப்பானாலும் இறங்கக்கூடாது, சுற்றுப் பாதையால் போவோம் என்றேன். நானா உடனே இறங்கி, பின்னால் வந்த வேன்காரனுக்கு அதைத் தன்னுடைய சொந்த அறிவு போல எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு சந்தியிலும் நான் சிக்னல் போட முன்னரே, “வலது கை, வலது கை” என்று ஞாபகப்படுத்தினார். அதன்பிறகுதான் வைப்பர் ஓடுவது நின்றது.

7.

இப்போது வெளியே இருட்டு. இங்கே இந்த மாதத்தில் பின்னேரமே இருட்டிவிடும். பனி விழத் தொடங்கிவிட்டது. நாளைக்குக் காலை முதல் வீடு மலைக்கு அந்தப் பக்கம். புறப்பட முன்னர் வாகனத்தைச் சுற்றி நடப்பேன். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் அதை மறந்ததில்லை.

ஆம்னா வழுக்கிய கதையை மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஊரில் நானா வீட்டில் எல்லோரும் தூங்கப் போகிற நேரம். இருந்தாலும் எடுத்தோம். அவளுடைய தமிழில் பாதி நோர்வே மொழி. மாமாவின் தமிழில் பாதி மன்னார், பாதி புத்தளம். சில காலமாக அவள் ஊரோடு கதைக்க ஒன்றுமில்லாமல் ஹலோ சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவாள். அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் டயர், கியர், ப்ரேக் என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் மொழி தேவைப்படுவதில்லை. கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறார்கள், வீடியோவில் விரல்கள்தான் தெரிகின்றன.

“மகள், வழுக்கேக்க ப்ரேக் அடிச்சியா?” என்று கேட்டார் நானா.

“இல்ல மாமா! போற பக்கம் பாத்துத் திருப்பினன்.”

“மாஷா அல்லாஹ்! எங்கட பரம்பர!” என்றார், இன்றுவரை ஒரு மோட்டார் சைக்கிள்கூட ஓட்டாத மனிதர். பிறகு வழமை போல என்னிடம் கேட்டார். சுகம் விசாரிக்க முன்னர் அவர் இப்போதெல்லாம் இதைத்தான் கேட்பார்: “டயருக்குக் காத்து எப்படி?”

“அளவா இருக்கு நானா.”

“அப்ப சரி.”

போனை வைத்ததும் ஆம்னா மறுபடி சாரத்துக்கு வந்தாள். லைசன்ஸ் கையில் கிடைக்கிற அன்றைக்கு எடுத்துத் தன் சீட்டில் விரிப்பாளாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். கார் வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும். பெற்றோல் அடித்தும் தருகிறேன். சாரம் மட்டும் கிடையாது. அவளுக்குச் சாரம் வேண்டுமென்றால் அவளும் ஊருக்குப் போய், ஒரு மாப்பிள்ளையை ஏற்றி, பக்கத்தில் மாமாவை இருத்தி, மணலைத் தாண்டட்டும்.